பெரியப்பா கடையில் யாரும் சாகவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று பெரியப்பாவின் துணிக்கடையில் யாரும் சாகவில்லை. எங்கள் குடும்பம் எங்கே கூடினாலும், காது குத்தாக இருந்தாலும் சரி, புது ஃபிரிட்ஜ் வாங்கியதற்குக் கொடுத்த டீயாக இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார். எடுக்க எடுக்க அது வளர்ந்துகொண்டே போகிறது. போன முறை கேட்டபோது அதில் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. ஆம்புலன்ஸும் வரவில்லை. அன்று நடந்ததற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. நீங்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். மன்னிப்பு மட்டும் கிடையாது.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஆக்குபேஷனல் தெரபி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் படிப்பு என்ன என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. படித்து முடித்தால் நான் எல்லோருக்கும் வேலை வாங்கிக் கொடுப்பேன் என்று நம்பியவர்கள் ஒரு கட்சி. கைகால் பிடித்துவிடுவதற்கு எதற்குக் காலேஜ் என்று கேட்டவர்கள் இன்னொரு கட்சி. அப்பா இரண்டிலும் சேராமல், "டாக்டர் மாதிரிதான். ஆனா டாக்டர் இல்ல" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். (உண்மையில் அது, உடம்பு முடியாமல் போனவர்கள் தங்கள் அன்றாட வேலையைத் தாங்களே செய்துகொள்ள வழி காட்டும் படிப்பு. வேலையே ஒருவரின் உடம்பைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அதில் ஒரு பாடம். அந்தப் பாடம்தான் என்னைக் கெடுத்தது.)

எர்கனாமிக்ஸ் என்ற அந்தப் பாடம் தொடங்கியதிலிருந்து என்னோடு ஒரே வீட்டில் வாழ்வது கஷ்டமாகிவிட்டது. அம்மா குனிந்து கோலம் போட்டால் முதுகெலும்பு பற்றிப் பிரசங்கம். கேஸ் அடுப்பு மேடை இரண்டு அங்குலம் உயரம் குறைவு என்று கண்டுபிடித்து, மேடைக்கு உயரம் கூட்ட முடியாததால் அம்மாவின் உயரத்தைக் குறைக்க ஆலோசனை கேட்டேன். அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியதில், அவர் ஒரு சாயங்காலம் முழுக்கக் கால் தரையில் எட்டாமல் தொங்கிக்கொண்டு பேப்பர் படித்தார். பஸ்ஸில் டிரைவரிடமே அவருடைய இருக்கையின் குறைகளை விளக்கியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். என் ஸ்டாப் அது இல்லை.

கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு வேலையிடத்துக்குப் போக வேண்டும். அங்கே வேலை செய்பவர்களின் உடம்பை எது வருத்துகிறது என்று பார்த்து, அதை மாற்றி, அவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். டீச்சர் நேரில் வந்து பார்த்து மார்க் போடுவார். என் தோழி ஒருத்தி விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போய் ஹெல்மெட் போட்டு போட்டோ அனுப்பினாள். இன்னொருத்தி விதுராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்குப் போய் மூடுபனியோடு போட்டோ அனுப்பினாள். எனக்கு வாய்த்தது பழவங்காடிப் பக்கத்தில் பெரியப்பாவின் துணிக்கடை. "பொம்பளப்பிள்ள ஹார்பருக்கெல்லாம் போகாண்டாம். நம்ம கடையில என்ன ஆபத்து வரப்போகுது?" என்றார் அப்பா. இந்த வாக்கியத்தை அவருக்கு இன்றைக்கும் வருடத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன்.

பெரியப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்யாணக்காரர்கள் பத்மநாபசாமியைக் கும்பிட்டு, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அப்படியே பெரியப்பா கடையில் முகூர்த்தப் பட்டு எடுத்துப் போவது வழக்கம். கடை பெரிதாக இருந்தது, விளக்கெல்லாம் பளபளத்தது. சேலை விற்கும் பெண்களுக்கு மட்டும் உட்கார இடம் இல்லை.

கேரளத்தில் கடை ஊழியர்களுக்கு உட்கார உரிமை உண்டு என்று சட்டமே இருக்கிறது. பெரியப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அதனால் முதுகுக்குச் சின்னச் சாய்வு வைத்த நல்ல உயர ஸ்டூல்களாகப் பார்த்து வாங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார். லேபர் ஆபீசர் வந்தால் அவை வெளியே வரும், அவர் போனதும் உள்ளே போகும்.

"நான் யாரையும் இருக்கக் கூடாதுன்னு சொல்லல்லியே. ஆளு வந்தா எந்திரிக்கணும், அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா. "வாடிக்கைக்காரங்க முன்னால இருக்கது மரியாதை இல்ல. நம்ம வீட்டாளுக வந்தாலும் எந்திரிக்கணும். அதுவும் மரியாதை."

கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடைக்கு ஆள் வராத நேரம் எது? வாசலில் காலையில் தண்ணீர் தெளிக்கும்போது யாரும் வருவதில்லை. அதற்குப் பிறகு இரவு ஷட்டர் இறங்கும் வரை எழுந்துதான் நிற்க வேண்டும். இதில் உட்கார உரிமை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். "மாடிப்படிக்கு அடியில" என்றார்கள் சேலைப் பகுதியில் நின்ற எல்லோரும் ஒரே குரலில்.

அவர்களில் ஒருவர் ஷீபாக்கா. பாறசாலைக்கு அப்பால் எல்லையோரத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். நான் முதல் நாள் இஞ்சு டேப்போடு போய் கவுண்டரின் உயரத்தை அளந்துகொண்டிருந்தபோது, கவுண்டருக்குக் கீழே இரண்டு ஜோடிச் செருப்புகளைப் பார்த்தேன். ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது.

"அக்கா, இது யாருக்கு?"

"ரெண்டும் எனக்குத்தான் மோளே. இது வரும்போ போடுறது. அது போவும்போ போடுறது. சாயங்காலம் கால் வீங்கிப் போவும் கேட்டோ, காலைல போட்டது அப்ப கேறாது."

அதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு சேலையை உதறி மடிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அந்தச் செருப்புகளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. அதுவரை எனக்கு அது மார்க்குக்கான வேலை. அந்த நிமிடத்திலிருந்து அந்த ஸ்டூல்களை மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே கொண்டு வராமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பெரியப்பாவிடம் பேசினேன், சட்டம் பேசினேன், நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு புடைத்த படம் காட்டினேன். (படத்தை அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்க நேர்ந்தது தற்செயல்.) கடைசியில் பெரியம்மாவையும் பேச விட்டேன். அதன் பிறகுதான் அவர் இறங்கி வந்தார்.

"எளா பாரு, ஒரே ஒரு நாள். ஒன் டீச்சர் வரப்பட்ட அன்னைக்கு. அன்னைக்கு ஒரு வாடிக்கைக்காரனாவது மூஞ்சியச் சுழிச்சிட்டு எறங்கிப் போனான்னு வை, ஸ்டூலு திரும்பப் படிக்கு அடியில போகும். பெறவு நீ மட்டுமில்ல, ஒன் சட்டமே வந்தாலும் வெளிய எடுக்கமாட்டேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அந்த ஒரு நாளுக்காக நான் செய்த ஏற்பாடுகளை இன்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதிகம் விற்கும் சேலைகளை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுகளுக்கு மாற்றினேன். கால் வைத்துக்கொள்ள மரப்பலகை செய்யச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இருக்கும் இடத்தை விட்டு வந்து செய்ய ஒரு சின்ன உடற்பயிற்சி கண்டுபிடித்தேன். நடுவில் உள்ள காலி இடத்தில் வட்டமாக நிற்க வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி மூச்சை இழுக்க வேண்டும். பிறகு கைகளைச் சட்டென்று நெஞ்சுக்குக் கொண்டுவந்து "ஹா" என்று சத்தமாக மூச்சை விட வேண்டும். தோளுக்கும் நெஞ்சுக்கும் ரொம்ப நல்லது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

இதற்கு ஒரு சைகை ஒலி தேவைப்பட்டது. டீச்சர் வரும் நாள் காலையில் கடை திறக்கும் முன் போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன், ஏசி சத்தத்திலும் ஷட்டர் சத்தத்திலும் எனக்கே கேட்கவில்லை. பக்கத்துப் பாத்திரக்கடைக்கு ஓடினேன். பூஜை மணியை ஆட்டிப் பார்த்தேன், போதவில்லை. கடைக்காரச் சேட்டன் உள்ளேயிருந்து தாம்பாளம் மாதிரி வட்டமான ஒரு வெண்கலத் தட்டையும் ஒரு மரக்கொட்டானையும் எடுத்து வந்து ஒரு தட்டுத் தட்டினார். தெருவே அதிர்ந்தது. மலையாளத்தில் அதற்கு சேங்கில என்று பெயர். தமிழில் சேகண்டி. கோயிலில் தீபாராதனை நேரத்தில் அடிக்கும் அதே சேகண்டி.

நான் சேகண்டியைக் கோயிலில் மட்டுமே கேட்டு வளர்ந்தவள். இது ரொம்ப முக்கியம். நான் பிறந்து வளர்ந்தது இந்த நகரத்தில். எங்கள் குடும்பத்தில் நான் பார்த்த சாவுகள் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் நேராக மின்மயானத்துக்குப் போய், மதியத்துக்குள் முடிந்தவை. கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களில் துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், இதே சேகண்டியை அடிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோயிலில் விடாமல் வேகமாக அடிப்பார்கள். துட்டி வீட்டில் ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று அடிப்பார்கள். இதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் வந்தார். ஜெயஸ்ரீ டீச்சர், தமிழ் ஒரு சொல் தெரியாதவர், கண்டிப்புக்குப் பேர் போனவர். சுவரோரமாக நின்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். ஸ்டூல்கள் எல்லாம் உறை பிரித்து கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக நின்றன. ஒருவரும் உட்காரவில்லை. நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். "இருக்கான் பேடியா இருக்கு மோளே" என்று முணுமுணுத்தார் ஷீபாக்கா. உட்காரப் பயமாம். பெரியப்பா அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

அந்த நேரம் பார்த்துத் தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, சித்திகள். அவர்களுக்கு நடுவில் நெற்றி நிறையத் திருநீறு, பெரிய கொண்டை, இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க ஆடி ஆடி நடந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை. ரெத்தினம் அத்தை என்பதைச் சேர்த்து ரெத்தினத்தை என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் சம்மதிக்காமல் அந்த வீட்டில் ஒரு கைக்குட்டைகூட வாங்க முடியாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவரைத் தாழ்வான சோபாவில் உட்கார வைத்தார்கள். முட்டுவலிக்காரர்களுக்குத் தாழ்வான சோபா ஆகாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பெரியப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பட்டு விரிந்தது. ஒன்று, இரண்டு, பத்து என்று விரிந்துகொண்டே போனது. கடைசியில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டை ஷீபாக்கா உதறி விரித்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது பிடித்துப்போய்க் கையில் எடுத்து, "இது கொள்ளாம். என்ன மயினி?" என்று ரெத்தினத்தையிடம் கேட்டார்.

முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சேகண்டியைத் தூக்கினேன். வேலை செய்பவர்களின் மனம் தளர்ந்து ஓய வேண்டுமல்லவா? அதனால் மெதுவாக அடித்தேன்.

ஓங்ங்ங்.

நிறுத்தினேன்.

ஓங்ங்ங்.

பெண்கள் எல்லோரும் சொல்லி வைத்தபடி சேலைகளைப் போட்டுவிட்டு நடுவுக்கு வந்தார்கள். வட்டமாக நின்றார்கள். இரண்டு கையையும் மேலே தூக்கினார்கள். நெஞ்சுக்குக் கொண்டு வந்தார்கள். "ஹா!" என்றார்கள்.

வாசல் பக்கம் நைட்டி வாங்க வந்த ஒரு அம்மா, "எந்தா, ஓஃபராணோ?" என்று, ஏதோ தள்ளுபடி என்று நினைத்து ஆவலோடு கேட்டது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. பிறகு பெரிய கூக்குரல்.

ரெத்தினத்தை கொண்டையை அவிழ்த்துவிட்டார். சோபாவிலிருந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். கையைத் தூக்கி நெஞ்சில் அடித்தார். "எம் மக்கா!" என்று தொடங்கினார் பாருங்கள், அந்தக் குரலை இன்று நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. (தோவாளை வட்டாரத்தில் அவர் போகாமல் துட்டி வீடு களைகட்டாது என்று பிறகு சொன்னார்கள். சேகண்டிச் சத்தம் காதில் விழுந்தால் அவருக்குக் கையும் வாயும் தன்னால் வந்துவிடும்.)

"யாரு போனான்னு தெரியல்லியே, என் ராசாவே
எனக்கு அழுகைய நிறுத்தத் தெரியல்லியே!"

சித்திகள் இருவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, தலையை முட்டிக்கொண்டு கூடவே அழத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாருவே? யாருவே போனது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த பட்டைக் கீழே போட்டுவிட்டார். வட்டத்தில் நின்ற எங்கள் பெண்கள், நான் நிறுத்தச் சொல்லாததால், பாவம், இரண்டாவது முறையும் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்து "ஹா!" என்றார்கள்.

"எளா!" என்றார் பெரியப்பா. கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் உண்மையாகவே சாவதற்குச் சந்தர்ப்பம் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

யாரும் போகவில்லை, இது உடற்பயிற்சி என்று கத்திக் கத்திச் சொன்னேன். ஒப்பாரிக்கு மேலே கேட்கவில்லை. சேகண்டியை அடித்தால் கேட்கும் என்று ஒரு கணம் தோன்றியது. நல்லவேளை, ஷீபாக்கா அதைப் பிடுங்கி ஜாக்கெட் துணிகளுக்கு அடியில் செருகிவிட்டார்.

ஒரு வழியாக ரெத்தினத்தைக்கு விஷயம் புரிந்தது. அழுகை நின்றது. "அப்போ யாரும் சாவல்லியா?" என்று கேட்டார். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்டார் என்று எனக்குப் பட்டது.

"பட்டக் கையில எடுத்த நேரத்துல சேகண்டியா!" மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எறங்குங்க எல்லாரும், போவோம்."

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எடுளா ஸ்டூல" என்றார். அவ்வளவுதான். பந்தயம் முடிந்தது. ஷீபாக்கா ஒரு ஸ்டூலைத் தூக்கப் போனார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, டீச்சர் நிற்பதால் விழுங்கிக்கொண்டேன். மார்க் போகட்டும். இனி இவர்களுக்கு இந்த ஜென்மத்தில் ஸ்டூல் இல்லையே என்றுதான் அழுகை.

கல்யாணக் கூட்டம் கிளம்பியது. ரெத்தினத்தையால் மட்டும் கிளம்ப முடியவில்லை. துக்கத்தில் தரையில் விழுந்துவிட்டார், துக்கம் போனதும் முட்டு மடங்கிக்கொண்டது. "எம்மா, எம்மா" என்கிறார், ஒரு அங்குலம் அசையவில்லை. மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் கடைப் பையன்களும் நாலு பக்கமும் நின்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கத் தயாரானார்கள்.

இதற்குத்தானே நான் நாலு வருடம் படித்தேன்?

"தொடாதீங்க!" என்று கத்தினேன். போலீஸ் வரும் வரை தொடாதே என்று சொல்வது போலக் கேட்டதாகப் பிற்பாடு குற்றச்சாட்டு. கேட்கட்டும். எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். "அக்குள்ல புடிச்சுத் தூக்கினா தோள் கழண்டுரும். உங்க முதுகும் போயிரும். தள்ளுங்க."

கவுண்டர் மேல் இருந்த, ஜரிகைக் கரை போட்ட ஒரு கசவு வேட்டியை எடுத்தேன். நீளவாக்கில் மடித்து ரெத்தினத்தையின் இடுப்பில் பெல்ட் மாதிரி கட்டினேன். ("எளா, அது புது வேட்டி" என்று பெரியப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது.) பெட்ஷீட் கட்டுகளை அவர் பக்கத்தில் வைத்தேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஷீபாக்கா. காலை அகற்றி ஊன்றி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, "அத்தை, முன்னால சாயுங்க. ஒண்ணு, ரெண்டு..." என்று வேட்டியைப் பிடித்துத் தூக்கியதில், தரையிலிருந்து ஒரு பெட்ஷீட் கட்டுக்கு வந்தார். அதிலிருந்து இரண்டு கட்டுகளின் மேல். அதிலிருந்து சோபா. சோபாவிலிருந்து நேராக, மாடிப்படிக்கு அடியில் போகவிருந்த அந்த உயர ஸ்டூல். காலுக்குக் கீழே பலகையைத் தள்ளினேன். அவருக்கு எங்கும் வலிக்கவில்லை, எங்களுக்கும் வலிக்கவில்லை. அந்த நிமிடம் நான் எவ்வளவு கர்வமாக நின்றேன் என்று சொல்லி முடியாது.

ரெத்தினத்தை முதுகை ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். முழங்காலை நீட்டிப் பார்த்தார். "இது என்ன கசேரி? கொள்ளாமே! முட்டு மடங்கவே இல்ல" என்றார். பிறகு தலையை உயர்த்தினார். என்ன ஆகுமோ என்ற பதைப்பில் கடைப்பெண்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னத்துக்குப் பிள்ளைகளா இப்பிடி என்னையச் சுத்தி நிக்கியோ? நடுவுல ஒருத்தி, சுத்தி எல்லாரும் நிக்கது துட்டி வீட்டுலதான். இருங்க எல்லாரும்."

ஒருவரும் அசையவில்லை. எல்லோருடைய கண்ணும் பெரியப்பா மேல். அவர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிவதற்கு முன்னால், ஷீபாக்கா பக்கத்திலிருந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். அடுத்தவர் உட்கார்ந்தார். அதற்கடுத்தவரும் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று, "மயினி, அபசகுனம் ஆயிப்போச்சு. வாங்க போவோம்" என்றார்.

"என்னத்த அபசகுனம்?" ரெத்தினத்தை அவிழ்ந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டே கேட்டார். "சேகண்டி அடிச்சாச்சு, நான் நெஞ்சுல அடிச்சு அழுதாச்சு, அப்பறமும் ஒருத்தரும் சாகல்ல. இப்பிடி ஒரு எடம் வேற எங்க இருக்கு? எமனே வந்து பாத்துட்டு வெறுங்கையோட போயிருக்கான். பட்டு இங்கதான் எடுக்கணும். எல்லாருக்கும் இங்கதான் எடுக்கணும். நீ இப்பிடி வா. அந்த அரக்க எடு பிள்ள."

கடைசி வாக்கியம் ஷீபாக்காவுக்கு. அவர் உட்கார்ந்தபடியே அரக்குப் பட்டை எடுத்து, உட்கார்ந்தபடியே விரித்தார்.

அன்று அந்தக் கல்யாணத்துக்கான முழு ஜவுளியும் பெரியப்பா கடையில்தான் எடுத்தார்கள். என் பெல்ட்டாக இருந்த கசவு வேட்டி உட்பட. அத்தை அதை அவிழ்க்கவே சம்மதிக்கவில்லை, இடுப்புக்குப் பிடிமானமாக இருக்கிறது என்று கட்டிக்கொண்டே வேன் ஏறினார்.

ஜெயஸ்ரீ டீச்சர் பேனாவை மூடிக்கொண்டு என்னிடம் வந்தார். "வளரெ நன்னாயி" என்று மலையாளத்தில் பாராட்டினார். கீழே விழுந்த ஆளைத் தூக்கும் செயல்முறையையும் பயிற்சியில் சேர்த்தது நல்ல யோசனை என்றார். அந்த அம்மா ரொம்ப இயல்பாக நடித்ததாகச் சொல்லி, முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்ததா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம் ஊரில் தலையை ஆட்டினால் அது எந்தப் பக்கமும் ஆகலாம். வகுப்பில் அந்த வருடம் முதல் மார்க் எனக்குத்தான். துறைமுகத்துக்குப் போனவளுக்கு இரண்டாமிடம்.

ஷட்டர் இறங்கிய பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "சேகண்டியக் கொண்டு பாத்திரக்கடையில குடுத்திரு. இன்னொருக்க என் கண்ணுல படக் கூடாது. ஸ்டூலு கெடந்துட்டுப் போட்டும்."

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஸ்டூல் கெடந்தா போதாது பெரியப்பா. ஆளு வந்தா எந்திரிக்கணும்ங்கிற சட்டமும் போகணும்."

"வாடிக்கைக்காரங்க வந்தா?"

"எந்திரிக்காண்டாம். இன்னைக்கு எந்திரிச்சா வித்தாங்க?"

"நான் வந்தா?"

"நீங்க வந்தாலும்தான்."

"நாக்கு நீளம்" என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் எனக்கு அன்றிலிருந்து சேகண்டி என்றுதான் பெயர். பாரு என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள். "சேகண்டி வாறா, எல்லாரும் உசிரோட இருக்கியளான்னு பாத்துக்கிடுங்க" என்று சித்தப்பா சொல்லாத விசேஷம் இல்லை. என் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது, என் மாமியாருக்கு ஏதோ மணிச் சத்தம் கேட்டுவிட, பெரியப்பா கடைக்கு வெளியே ஓடிப்போய் ஐஸ்கிரீம் வண்டிக்காரரை விரட்டினார். கல்யாணத்துக்கு ரெத்தினத்தையும் வந்தார். வந்தவர், மண்டபத்தில் உயரமான நாற்காலி கேட்டு வாங்கித்தான் உட்கார்ந்தார். இப்போது நான் பெரிய பெரிய கம்பெனிகளுக்குப் போய் நாற்காலியும் மேசையும் பார்த்துச் சொல்கிறேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதை சொல்வதில்லை.

சொல்லாமல் போகட்டும். பழவங்காடிப் பக்கம் போகும்போதெல்லாம் பெரியப்பா கடைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டுத்தான் வருகிறேன். கவுண்டருக்குக் கீழே குனிந்து பார்ப்பேன். ஷீபாக்காவிடம் இப்போது ஒரு ஜோடிச் செருப்புதான் இருக்கிறது. சேலை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்து, "வா சேகண்டி" என்பார். முதலாளி வீட்டுப் பெண் கடைக்குள் வந்து நிற்கிறேன், ஒருவரும் எழுந்திருப்பதில்லை.